தரங்கம்பாடி நிலையம் எந்த மாவட்டம்?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ஓர் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் மூன்றாம் வகுப்புத் தங்கைகூடத் தயங்காமல் பதில் சொல்லிவிடுவாள். ஆனால் மூடப்பட்டுவிட்ட ஒரு புகைவண்டி நிலையம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? இந்த எளிய கேள்விதான் இவ்வாண்டு எங்கள் வகுப்பை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிட்டது. மூன்று நாட்கள் முன்வரிசையினர் பின்வரிசையினரோடு சரியாகப் பேசவில்லை என்றால் பாருங்களேன்! அந்தக் கேள்வியையும், அதற்கு நாங்கள் கண்ட விடையையும் வாசகர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பள்ளிக் கண்காட்சிக்காக 'பழைய புகைவண்டி நிலையங்கள்' என்னும் தலைப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. பெரிய அட்டைகளில் மாவட்டவாரியாக நிலையங்களின் பெயர்களை எழுதி ஒட்டுவது என்று முடிவு செய்தோம். 'நம் மாவட்டம்' என்று சிவப்பு மையில் எழுதிய அட்டையில், மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைக்குச் சென்ற பழைய கிளைப்பாதையின் நிலையங்களான செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு, தரங்கம்பாடி ஆகியவற்றை வரிசையாக எழுதினோம். வேலை முடிந்தது என்று மகிழ்ந்திருந்த வேளையில், எங்கள் தோழி ஒருத்தியை அழைத்துச் செல்ல அவளுடைய பாட்டி வந்தார்.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டையைப் படித்தார். "அம்மாடி, இதெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா இல்லையா?" என்றார்.

"இல்லை பாட்டி, மயிலாடுதுறை மாவட்டம்" என்றோம் ஒரே குரலில்.

பாட்டி சிரித்தார். ஆனால் அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. அவருடைய கணவர் அந்தக் கிளைப்பாதையில் கேட் கீப்பராக வேலை பார்த்தவர். 1986-ஆம் ஆண்டு அப்பாதை மூடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து அவரும் காலமானார். மறுநாள் பாட்டி தம் திருமண அழைப்பிதழைக் கொடுத்தனுப்பினார். மஞ்சள் தடவிய பழைய தாள். அதில் 'தரங்கம்பாடி, தஞ்சை ஜில்லா' என்று அச்சிட்டிருந்தது. "ஒங்க தாத்தா இருந்தது, உழைச்சது, போனது எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவுலதான். நீங்க சொல்ற ஜில்லாவை அவங்க கேள்விப்பட்டதே இல்லை" என்று பாட்டி சொன்னதாகத் தோழி கூறினாள். எங்களுக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

எல்லைகள் மாறிய கதை

பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை சென்ற அந்த மீட்டர் பாதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. 1926-இல் திறக்கப்பட்டு 1986-இல் மூடப்பட்டது. அந்த 60 ஆண்டுகளும் அது தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருந்தது. 1991-இல்தான் தஞ்சாவூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு நாகப்பட்டினம் மாவட்டம் உண்டாயிற்று. 2020-இல் நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. அதாவது, கடைசி வண்டி போய் 5 ஆண்டுகளுக்குப் பின்னரே நாகப்பட்டினம் மாவட்டம் பிறந்தது. 34 ஆண்டுகளுக்குப் பின்னரே மயிலாடுதுறை மாவட்டம் பிறந்தது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் அந்த நிலையத்தில் ஒரு பயணச்சீட்டுக்கூட விற்கப்பட்டதில்லை.

மாவட்டங்களை ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நம் மாநிலத்தில் 13 மாவட்டங்களே இருந்தன. இன்று 38 மாவட்டங்கள் இருக்கின்றன. தரங்கம்பாடியிலுள்ள ஒரு மீனவர் ஒரு மனுவைக் கொடுப்பதற்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சாவூருக்குப் போய்வர வேண்டுமென்றால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். மாவட்டத் தலைநகர் அருகில் இருந்தால் அவருக்கு நன்மை. ஆகவே எல்லைகள் மாறுவது மக்களின் வசதிக்காகவே. அதைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. ஆனால் மாறிய எல்லையைப் பழைய பொருள்களின்மேல் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது தவறு

பாட்டியின் சொல்லைக் கேட்டதும் நாங்கள் அவசரப்பட்டு எல்லா அட்டைகளையும் கிழித்துவிட்டுப் பழைய மாவட்டங்களின் பெயரிலேயே புதிதாக எழுதினோம். தஞ்சாவூர், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு என்று தலைப்புகள் அமைந்தன. இனி எவரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தோம்.

அன்று மாலையே ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். அவள் பொறையாற்றைச் சேர்ந்தவள். "அக்கா, எங்க ஊரில் ரயில் இருந்ததாக அப்பா சொன்னார். எங்க ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். நம் மாவட்டத்தின் பெயரை ஒவ்வோர் அட்டையிலும் தேடினாள். எங்குமே இல்லை. "எங்க ஊரை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டபோது அவள் முகம் வாடிவிட்டது. 'தஞ்சாவூர்' என்ற அட்டையில் தன் ஊர் இருக்கும் என்பது 2020-க்குப் பிறகு மாவட்டப் படத்தைப் படிக்கத் தொடங்கிய அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

இப்போது வகுப்பில் வாக்குவாதம் முற்றியது. ஒரு கட்சியினர், "வரலாற்றை உள்ளபடி எழுத வேண்டும், பழைய எல்லையே சரி" என்றனர். மற்றக் கட்சியினர், "தேடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும், இன்றைய எல்லையே சரி" என்றனர். முதற்கட்சிக்குப் பாட்டி துணை. இரண்டாம் கட்சிக்கு அந்தச் சிறுமி துணை. இருவரில் யாரை ஏமாற்றுவது?

'பழைய எல்லை' என்றால் எத்தனை பழையது?

பழைய எல்லைக் கட்சியை நோக்கி ஒரு மாணவி கேட்ட கேள்வி எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. "பழையதுதான் சரி என்றால் எவ்வளவு பழையது? தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க் நாட்டவர் கையில் இருந்ததே! 'டென்மார்க்' என்று ஓர் அட்டை எழுதலாமா? சோழர் காலத்து வளநாட்டின் பெயரையும் எழுதலாமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்று 81 ஆண்டுகள் கழித்தே அங்கே புகைவண்டி வந்தது. ஆகவே டேனியர் எல்லை ஊரின் வரலாற்றுக்கு உரியது. நிலையத்தின் வரலாற்றுக்கு உரியதன்று. ஒரு நிலையம் பிறந்த ஆண்டிலிருந்து மூடப்பட்ட ஆண்டுவரை எந்தெந்த எல்லைக்குள் இருந்ததோ, அவையே அந்த நிலையத்துக்குரிய எல்லைகள். இதை நாங்கள் 'நிலையத்தின் ஆயுள்' என்று பெயரிட்டு அழைத்தோம்.

ஆயுளைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு கதை சொல்கிறது. சிலவற்றைக் கீழே தருகிறோம்.

வாலாஜா ரோடு: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து இங்கேதான் வந்தது. அப்போது இது வட ஆர்க்காடு மாவட்டம். 1989-இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. இந்நிலையம் இருந்த பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2019 முதல் இது ராணிப்பேட்டை மாவட்டம். நிலையமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஜோலார்பேட்டை: இந்தப் பெரிய சந்திப்பு முதலில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் திருப்பத்தூர் தாலுகா வட ஆர்க்காட்டோடு சேர்க்கப்பட்டது. பிறகு வேலூர் மாவட்டம். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். ஒரே நிலையத்துக்கு நான்கு மாவட்டங்கள்!

திருத்தணி: இதற்கு மாவட்டம் மட்டுமன்றி மாநிலமும் மாறியது. வட ஆர்க்காட்டில் இருந்த இவ்வூர் 1911-இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம்.

செங்கோட்டை: கொல்லத்தையும் திருநெல்வேலியையும் மலைவழியே இணைத்த பாதை 1904-இல் முழுமை பெற்றபோது, செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னரின் நாட்டில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று நம் மாநிலத்தில் சேர்ந்து திருநெல்வேலி மாவட்டத்துக்கு உரியதாயிற்று. 2019 முதல் தென்காசி மாவட்டம்.

காரைக்கால்: 1898-இல் இங்கே புகைவண்டி வந்தபோது இது பிரெஞ்சுக்காரர் ஆட்சிப்பகுதி. 1954-இல் அவர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம்.

தனுஷ்கோடி: இலங்கைக்குப் போகும் பயணிகள் போட் மெயிலில் வந்து இறங்கிக் கப்பல் ஏறிய நிலையம் இது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் ஊரும் நிலையமும் பயணிகளோடு வந்த வண்டியும் கடலுக்கு இரையாயின. அன்றும் இராமநாதபுரம் மாவட்டம், இன்றும் இராமநாதபுரம் மாவட்டம். ஆகவே இதில் சிக்கல் இல்லை என்று நினைத்தோம். ஆனால் இங்கேதான் மறைவான ஒரு சிக்கல் இருந்தது. 1964-இல் இருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளும் அடங்கியிருந்தன. 1985-இல்தான் அவை பிரிந்தன. பெயர் ஒன்றாக இருந்தாலும் பரப்பு ஒன்றன்று! அதுபோலவே அன்றைய தஞ்சாவூர் மாவட்டமும் இன்றைய தஞ்சாவூர் மாவட்டமும் ஒன்றல்ல. பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்று இதனால் கற்றுக்கொண்டோம்.

இந்தக் குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் போர்ன்மத் வெஸ்ட் என்றொரு நிலையம் இருந்தது. 1965-இல் அது மூடப்பட்டபோது ஹாம்ப்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974-இல் அந்நாட்டில் எல்லைகளை மாற்றியமைத்தபோது போர்ன்மத் நகரம் டார்செட் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அந்த நிலையத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? நம் தரங்கம்பாடியின் கேள்வியேதான்.

மேலும், புகைவண்டித் துறை தனக்கென்று வேறு எல்லைகளை வைத்திருக்கிறது. அவற்றைக் கோட்டங்கள் என்கிறார்கள். கேரள மாநிலத்திலுள்ள புனலூர் நிலையம் மதுரைக் கோட்டத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே மாவட்ட எல்லையையும் கோட்ட எல்லையையும் ஒன்றோடொன்று சேர்த்துக் குழப்பக் கூடாது.

நூலகத்தில் கிடைத்த விடை

எங்கள் சண்டையைக் கேள்விப்பட்ட நூலகச் சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். கோபிப்பார் என்று பயந்துகொண்டே போனோம். அவர் ஒன்றும் சொல்லாமல் நூலகத்தின் பழைய மரப்பெட்டியைத் திறந்து, அதிலிருந்த அட்டைகளைப் புரட்டிக் காட்டினார். ஒரு புத்தகத்துக்கு ஒரு முதன்மை அட்டைதான் இருந்தது. ஆனால் அதே புத்தகத்தை வேறு பெயரில் தேடி வருவோருக்காக, 'இதனைக் காண்க' என்று வழிகாட்டும் சிறிய அட்டைகளும் இருந்தன. "ஒரு பொருளுக்கு வீடு ஒன்றுதான் இருக்க வேண்டும். வழி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்" என்றார் சிஸ்டர். இரு கட்சியினரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதன்பின் எல்லாரும் கூடி உட்கார்ந்து பின்வரும் விதிகளை எழுதினோம்.

1. முதலில் ஊரின் பெயரையும் பாதையின் பெயரையும் எழுத வேண்டும். மாவட்டம் மாறினாலும், நிலையம் எந்தப் பாதையில் எந்த ஊரில் இருந்தது என்பது மாறாது.

2. அடுத்து, நிலையம் திறந்த ஆண்டையும், மூடியிருந்தால் மூடிய ஆண்டையும் எழுத வேண்டும். இதுவே அதன் ஆயுள்.

3. இன்றும் வண்டி நிற்கும் நிலையத்துக்கு இன்றைய மாவட்டமே தலைப்பு. அதன் பழைய மாவட்டங்களை ஆண்டுகளோடு கீழே குறிக்க வேண்டும்.

4. மூடப்பட்ட நிலையத்துக்கு, அது மூடப்பட்ட நாளில் இருந்த மாவட்டமே தலைப்பு. அதன் ஆயுளுக்குப் பிறகு பிறந்த மாவட்டத்தை அதன்மேல் ஏற்றக் கூடாது.

5. பழைய மாவட்டத்தின் பெயரை ஆண்டில்லாமல் எழுதக் கூடாது. 'தஞ்சாவூர் மாவட்டம் (1991-க்கு முன்)', 'இராமநாதபுரம் மாவட்டம் (1985-க்கு முன்)' என்றே எழுத வேண்டும்.

6. மூடப்பட்ட நிலையம் ஒவ்வொன்றுக்கும், அந்த இடம் இன்றுள்ள மாவட்டத்தின் அட்டையில் ஒரு 'காண்க' சீட்டு இருக்க வேண்டும். இன்று அந்த இடத்துக்குப் போக விரும்புகிறவருக்கு அதுவே வழி.

நான்காம் விதியை ஏற்றுக்கொள்ள இரண்டாம் கட்சியினருக்குச் சிறிது நேரம் பிடித்தது. "ஏன் இன்றைய மாவட்டத்தைத் தலைப்பாக வைத்துவிட்டுப் பழையதைச் சீட்டில் எழுதக் கூடாது?" என்று கேட்டார்கள். அதற்குச் சிஸ்டர் ஒரு காரணம் சொன்னார். இன்றைய எல்லை நாளை மீண்டும் மாறலாம். ஒவ்வொரு முறையும் தலைப்பை அழித்து எழுத வேண்டியிருக்கும். ஆனால் 1986-இல் மூடப்பட்ட நிலையம் 1986-இல் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை இனி எவராலும் மாற்ற முடியாது. மாறாததைத் தலைப்பாகவும், மாறக்கூடியதைச் சீட்டாகவும் வைத்தால், பின்னர் வருகிறவர்கள் சீட்டை மட்டும் மாற்றினால் போதும். அதோடு, அந்தக் காலத்துக் கடிதங்கள், பத்திரங்கள், அழைப்பிதழ்கள் எல்லாம் அந்தக் காலத்து மாவட்டத்தின் பெயரையே தாங்கியிருக்கும். அவற்றைத் தேடுகிறவருக்கும் இந்தத் தலைப்பே உதவும்.

இந்த விதிகளின்படி தரங்கம்பாடியின் அட்டை இப்படி அமைந்தது: 'தரங்கம்பாடி. மயிலாடுதுறை - தரங்கம்பாடி கிளைப்பாதை. திறந்தது 1926. மூடியது 1986. தஞ்சாவூர் மாவட்டம் (1991-க்கு முன்).' நம் மாவட்டத்தின் அட்டையில், 'தரங்கம்பாடி, பொறையாறு, திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில்: தஞ்சாவூர் மாவட்டம் (1991-க்கு முன்) காண்க' என்று ஐந்து ஊர்களின் பெயர்களையும் எழுதி, ஒரு சிவப்பு நூலால் இரண்டு அட்டைகளையும் இணைத்துவிட்டோம்.

கண்காட்சி நாளன்று அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி தன் அப்பாவை அழைத்து வந்தாள். நம் மாவட்டத்தின் அட்டையில் 'பொறையாறு' என்ற பெயரைக் கண்டதும் விரலை வைத்து, நூலைத் தொடர்ந்து சென்று அடுத்த அட்டையை அடைந்தாள். "அப்பா, நம்ம ஊர் அப்போது தஞ்சாவூராம்!" என்று கூவினாள். ஒரு சிறுமி ஒரு நிமிடத்தில் இரண்டு மாவட்டங்களின் வரலாற்றைக் கற்றுக்கொண்டாள்.

பாட்டியும் வந்தார். தரங்கம்பாடியின் அட்டைக்குக் கீழே, அவருடைய அனுமதியோடு அந்தத் திருமண அழைப்பிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருந்தோம். பாட்டி நெடுநேரம் அதன்முன் நின்றார். பிறகு எங்கள் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சரியா இருக்கு" என்றார். அன்று கண்காட்சியில் கிடைத்த பரிசைவிட அந்த மூன்று சொற்களே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றின.

அன்பான சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் பழைய அழைப்பிதழ், கடித உறை, பள்ளிச் சான்றிதழ் ஏதேனும் இருக்கும். அதில் உங்கள் ஊருக்குமுன் எந்த மாவட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இன்றைய பெயரிலிருந்து அது வேறுபட்டிருந்தால், "தவறாக அச்சடித்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் காரணத்தைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஆண்டோடு எழுதி வையுங்கள். எல்லைக் கோடுகளை அரசாங்கம் வேண்டும்போது மாற்றி வரையலாம், அது தேவையும்கூட. ஆனால் அந்தக் கோடுகளுக்குள் வாழ்ந்து உழைத்தவர்களின் முகவரியை மாற்றாமல் காப்பது நம் கடமையாகும்.